உணவுக்குழலில் புதைந்துவிடும் வலைக்குழல்

நாம் ஒரு கவளம் சோற்றை மென்று விழுங்குகிறோம். விழுங்கிய பின்னர் அக்கவளத்தைப் பற்றிய நினைவே நமக்கு இருப்பதில்லை. தொண்டைக்கும் இரைப்பைக்கும் இடையே ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் நீளமுள்ள பாதையை அது சுமார் பத்து விநாடிகளில் கடந்து சென்றுவிடுகிறது. அந்தப் பாதையே உணவுக்குழல். அது செவ்வையாக வேலை செய்யும்வரை அப்படி ஓர் உறுப்பு இருப்பதே நமக்குத் தெரியாது. அது அடைபட்டுவிட்டாலோ, ஒரு மிடறு தண்ணீருக்கும் அல்லற்பட வேண்டியிருக்கும்.

உணவுக்குழல் தசையால் ஆகியது. அது மேலிருந்து கீழாக அலையலையாகச் சுருங்கி உணவைத் தள்ளுகிறது; ஆகையால் படுத்துக்கொண்டு விழுங்கினாலும் உணவு இரைப்பைக்கே போய்ச் சேரும். அதன் சுவர் சில மில்லிமீட்டர் கனமே உள்ளது. இரைப்பையையும் குடலையும் போர்த்தியுள்ள வெளிச்சவ்வு இதன் பெரும்பகுதிக்கு இல்லை. இதற்கு அண்டை அயலாக இருப்பவை யாவை? முன்னால் மூச்சுக்குழல், அதற்குக் கீழே இருதயம், பக்கத்திலே உடலின் தலையாய இரத்தக் குழாய். இந்த நெருக்கத்தை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். நாம் பின்னர்ச் சொல்லப்போகும் செய்திகளுக்கெல்லாம் இதுவே அடிப்படை.

உணவுக்குழல் அடைபடுவதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் கொடியது புற்றுநோய். முதலில் சோறும் ரொட்டியும் இறங்கா. பிறகு குழைந்த கஞ்சி இறங்காது. இறுதியில் நீரும் இறங்காது. உடல் மெலிந்துகொண்டே வரும். புகையிலையும் மதுவும் இந்நோய்க்கு வழிகோலுவன. பாக்கும் புற்றுநோயை விளைவிக்கும் பொருள்களுள் ஒன்றென ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். நம் நாட்டில் வடகிழக்கு மாநிலங்களிலும் காஷ்மீரப் பள்ளத்தாக்கிலும் உணவுக்குழல் புற்றுநோய் மிகுதியாகக் காணப்படுகிறது. அப்பகுதிகளில் பிழைப்பை முன்னிட்டுக் குடியேறி வாழும் நம்மவர், விழுங்குவதில் தடை தோன்றி இரண்டு வாரங்களாகியும் நீங்காவிடில், அதைச் சூடு என்றும் வாயு என்றும் எண்ணிக் காலம் கடத்தலாகாது.

இரண்டாவது காரணம், வீட்டிலேயே ஒளிந்திருக்கும் ஆபத்து. கழிப்பறையைத் துலக்குவதற்காக வாங்கும் அமிலத்தைப் பழைய சர்பத்துப் புட்டியில் ஊற்றி வைக்கும் வழக்கம் பல இல்லங்களில் இருக்கிறது. குழந்தை அதைத் தண்ணீர் என்று கருதிக் குடித்துவிடுகிறது. வெந்த புண் ஆறும்போது தழும்பு சுருங்குகிறது. குழலும் அத்தோடு ஒடுங்கிவிடுகிறது. அமெரிக்காவில் செவாலியே ஜாக்ஸன் என்னும் டாக்டர், இவ்வாறு குழல் வெந்த குழந்தைகளைக் கண்டு மனம் பொறாமல் பல ஆண்டுகள் போராடினார். அதன் பயனாக, இத்தகைய அரிக்கும் பொருள்களின் கொள்கலன்களில் நஞ்சு என்னும் எச்சரிக்கை இருக்கவேண்டும் என்று 1927-ஆம் ஆண்டில் அந்நாட்டில் சட்டம் இயற்றப்பட்டது. நம் வீட்டிலே நாமே இயற்றிக்கொள்ளத்தக்க சட்டம் ஒன்று உண்டு: அமிலத்தைக் குடிநீர்ப் புட்டியில் ஒருபோதும் ஊற்றலாகாது.

மூன்றாவது காரணம் அடைப்பு அன்று, ஓட்டை. அறுவைச் சிகிச்சைக்குப் பின் தையல் விட்டுப்போவதாலோ, கடும் வாந்தியின் வேகத்தாலோ குழலில் பொத்தல் விழுந்தால், உணவும் உமிழ்நீரும் மார்புக்குள் கசிந்து உயிருக்கே உலை வைக்கும்.

அடைப்பைத் திறந்து வைக்கவும் ஓட்டையை உள்ளிருந்து மூடவும் பயன்படும் கருவியே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருளாகிய ஸ்டெண்ட். அதை நாம் வலைக்குழல் என்று அழைப்போம்.

அடைப்பின் ஊடே ஒரு குழாயைச் செருகி வைக்கும் எண்ணம் பழமையானது. லண்டன் நகரில் சார்ட்டர்ஸ் சைமண்ட்ஸ் என்னும் அறுவை மருத்துவர், புற்றுநோயால் குழல் அடைபட்ட ஒருவருக்கு இவ்வாறு குழாய் வைத்ததை 1885-ஆம் ஆண்டில் வெளியிட்டார். குழாய் கீழே நழுவிவிடாதிருக்க அதில் பட்டு நூலைக் கட்டி, நூலின் முனையை வெளியே நிறுத்தினார். பின்னர், 1920-களில் ஸௌட்டர் என்பவர் ஜெர்மன் சில்வர் கம்பியைச் சுருளாக்கிக் குழாய் செய்தார். 1959-ஆம் ஆண்டில் ஸெலஸ்டின் என்பவர் வேறு வகைக் குழாய் ஒன்றை வெளியிட்டார். அதை வைப்பதற்கு வயிற்றையும் இரைப்பையையும் திறந்து, கீழிருந்து இழுத்துப் பொருத்த வேண்டியிருந்தது. நோயால் நலிந்தவருக்கு இது பெருஞ்சுமை என்பதைச் சொல்லவேண்டுவதில்லை.

ஸ்டெண்ட் என்னும் பெயரின் வரலாறு விந்தையானது. சார்ல்ஸ் ஸ்டெண்ட் என்பவர் லண்டனில் பல் மருத்துவர். பல்லின் அச்சு எடுப்பதற்கு ஒரு கலவையை 1856-ஆம் ஆண்டில் அவர் உருவாக்கினார். முதல் உலகப் போரின்போது எஸ்ஸர் என்னும் டச்சு மருத்துவர், முகம் சிதைந்த போர்வீரருக்குத் தோல் ஒட்டுகையில், ஒட்டிய தோலைத் தாங்கி நிறுத்த அக்கலவையைப் பயன்படுத்தினார். தாங்கி நிறுத்துவது எதுவாயினும் அதற்கு அவருடைய பெயரே நிலைத்துவிட்டது. உணவுக்குழலை அந்தப் பல் மருத்துவர் தொட்டவரல்லர். ஆயினும் அதைத் திறந்து நிறுத்தும் கருவி இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

தானே விரியும் உலோகக் குழல் உணவுக்குழலுக்கு வந்தது 1983-ஆம் ஆண்டில். ஜெர்மனியில் ஃப்ரிம்பெர்கர் என்பவர் அதனைக் கையாண்டார். அடுத்த பத்தாண்டுகளுக்குள், பழைய பிளாஸ்டிக் குழாயையும் புதிய உலோக வலையையும் ஒப்பிட்டு 42 நோயாளிகளிடம் ஜெர்மானிய மருத்துவர் செய்த ஆராய்ச்சி 1993-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. விழுங்கும் வசதியில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. கருவியை வைப்பதால் நேரும் இடையூறுகளோ உலோக வலையில் வெகுவாகக் குறைந்திருந்தன. அதன்பின் பழைய குழாய்கள் மெல்ல மறைந்தன.

இன்றைய வலைக்குழல்களில் பல நிட்டினால் என்னும் கலப்பு உலோகத்தால் ஆகியவை. நிக்கல், டைட்டேனியம் என்னும் இரண்டும் சேர்ந்த இது, அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுக்கூடம் ஒன்றில் கண்டறியப்பட்டது. வளைத்தாலும் நசுக்கினாலும் தன் பழைய வடிவத்துக்கே மீளும் தன்மை இதற்கு உண்டு. இதன் இழைகளைப் பிரம்புக் கூடைபோல் பின்னி, சுருக்கி, மெல்லிய உறையொன்றில் அடக்கி விடுகின்றனர். மருத்துவர் வாய்வழியே எண்டாஸ்கோப் என்னும் நோக்குக் குழாயைச் செலுத்தி, அடைப்பின் ஊடே மெல்லிய கம்பியை விட்டு, அக்கம்பியின் வழியே உறையைக் கொண்டுபோய் உரிய இடத்தில் நிறுத்துகிறார். பிறகு உறையை மட்டும் உருவுகிறார். உள்ளிருக்கும் வலை மெல்ல மலர்ந்து, ஓரிரு நாளில் முழு அகலத்தை அடைகிறது. அதன் அகலம் பெரும்பாலும் 18 முதல் 23 மில்லிமீட்டர் வரை. நேற்றுவரை தண்ணீருக்குத் தவித்தவர் இன்று கஞ்சி குடிக்கிறார்.

இவ்வலைக்குழல்கள் மூவகைப்படும். மேலே உறை ஏதுமின்றி வெறும் வலையாக இருப்பது ஒன்று. நடுப்பகுதியில் மெல்லிய படலம் போர்த்தி, இரு முனைகளை மட்டும் திறந்த வலையாக விட்டிருப்பது மற்றொன்று. முனை முதல் முனை வரை படலம் போர்த்தியது மூன்றாவது. இந்த வேறுபாட்டிலேதான் நம் கதை முழுவதும் அடங்கியிருக்கிறது.

வேலியில் கட்டிய கம்பியைப் பூவரச மரம் நாளடைவில் எப்படித் தன் பட்டைக்குள் வாங்கிக்கொள்ளுகிறது என்பதை ஊர்ப்புறத்தில் பிறந்தவர் எல்லாரும் கண்டிருப்பர். மரம் கம்பியை வெறுத்துத் தள்ளுவதில்லை. சுற்றி வளர்ந்து விழுங்கிவிடுகிறது. உணவுக்குழலும் இதையே செய்கிறது. திறந்த வலை சதையோடு ஓயாமல் உராய்கிறது. உராய்ந்த இடத்தில் சதை புண்பட்டுப் புது வளர்ச்சி கொள்ளுகிறது. அப்புதுச்சதை வலைக்கண்கள் வழியே உள்ளே நுழைந்து, இழைகளை மூடிக்கொள்ளுகிறது. இதற்கு ஆண்டுகள் வேண்டியதில்லை, சில வாரங்களே போதும். இவ்வாறு சதைக்குள் சிறைப்பட்ட நிலையையே வலைக்குழல் புதைந்துவிட்டது என்கிறோம்.

அப்படியாயின் எல்லா வலைக்குழல்களுக்கும் முழுவதும் படலம் போர்த்திவிட்டால் என்ன என்று நேயர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. முழுவதும் போர்த்தியது எளிதில் புதைவதில்லை. ஆனால் பிடிப்பு இல்லாமையால் நழுவி இரைப்பைக்குள் இறங்கிவிடக்கூடும். திறந்த முனை சதையைப் பற்றிக்கொண்டு நிலைத்து நிற்கும். அந்தப் பற்றே பின்னர் விடாப்பிடியாகி விடும். நிலைத்து நிற்கவேண்டும் என்பதும் எளிதில் வெளியே வரவேண்டும் என்பதும் ஒன்றுக்கொன்று முரண்பட்ட தேவைகள். நோயாளியின் நிலைக்கு எது பெரிது என்று பார்த்தே மருத்துவர் வகையைத் தேர்ந்தெடுக்கிறார்.

புதைந்த குழலை எடுத்தே தீரவேண்டுமா? தீர்க்கமுடியாத புற்றுநோயில் பெரும்பாலும் வேண்டியதில்லை. எஞ்சிய நாளெல்லாம் உணவு இறங்க வழி செய்வதே அங்கே நோக்கம். தழும்பால் வந்த ஒடுக்கத்திலும், ஓட்டையை மூட வைத்ததிலும் நிலைமை வேறு. வேலை முடிந்ததும் குழல் வெளியேறிவிட வேண்டும். விட்டுவிட்டால் அதன் முனைகளில் சதை வளர்ந்து மறுபடியும் அடைப்பு உண்டாகும். வலையின் இழைகள் முறியலாம். நாம் முன்னர்ச் சொன்ன அண்டை உறுப்புகளை அரித்துவிடவும் கூடும். மூச்சுக்குழலை அரித்தால் குடிக்கும் நீர் நுரையீரலுக்குள் போகும். பெரிய இரத்தக் குழாயை அரித்தால் என்னாகும் என்பதை விரிக்க வேண்டியதில்லை. ஆகவேதான் புற்றல்லாத நோய்க்கு வைத்த வலைக்குழல் 3 மாதங்களுக்கு மேல் உள்ளே இருக்கலாகாது என்று ஐரோப்பிய உள்நோக்கு மருத்துவச் சங்கம் 2016-ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டியில் கூறிற்று. ஆறு முதல் எட்டு வாரங்களில் எடுத்துவிடுவது பெருவழக்கு.

புதையாத குழலை எடுப்பது அரிதன்று. அதன் மேல்விளிம்பில் சுருக்குப்பையின் கயிறுபோல் ஒரு நூல் ஓடுகிறது. நோக்குக் குழாயின் வழியே செலுத்திய சிறு இடுக்கியால் அந்நூலைப் பற்றி இழுத்தால், விளிம்பு சுருங்கிக் குழல் ஒடுங்கும். பின்னல் நீண்டு மெலியும். மெல்ல வாய்வழியே வந்துவிடும். சைமண்ட்ஸ் அன்று கட்டிய பட்டு நூலின் பேத்தி என்றே இந்நூலைச் சொல்லலாம்.

புதைந்துவிட்ட குழலிலோ இந்த உபாயம் செல்லாது. வலுவாக இழுத்தால் வலையோடு சதையும் பிய்ந்து வரும், குழல் கிழியும், இரத்தம் பெருகும். மருத்துவர் முதலில் நோக்குக் குழாயால் பார்த்து, எந்த முனை எவ்வளவு மூடியிருக்கிறது என்று அளக்கிறார். இழுத்துப் பார்த்து அசையாவிடில் அங்கேயே நிறுத்திவிடுவதுதான் அறிவுடைமை.

பிறகு செய்வது கேட்பவருக்கு முரணாகத் தோன்றும். ஒரு குழலை எடுக்க முடியாதபோது, அதனுள் இன்னொரு குழலை வைக்கின்றனர்! புதியது முனை முதல் முனை வரை படலம் போர்த்தியது. பழையதன் அகலத்துக்குக் குறையாதது. பழையதன் திறந்த முனைகளைத் தாண்டி நிற்கும் நீளமுடையது. இது விரிந்து, வலைக்கண்களின் வழியே உள்ளே வந்த சதையைச் சுற்றிலும் அழுத்துகிறது. அழுத்தப்பட்ட சதைக்கு இரத்த ஓட்டம் நிற்கிறது. சதை வாடி மடிகிறது. சுமார் 10 முதல் 14 நாட்களில் பழைய வலையின் பிடி தளர்ந்துவிடும். அப்போது முதலில் புதியதையும், பின்னர்ப் பழையதையும் எடுத்துவிடுகின்றனர். குழலுக்குள் குழல் என்று இம்முறைக்குப் பெயர். பலத்தினால் ஆகாததைப் பொறுமையினால் முடிப்பது என்பதற்கு மருத்துவத்தில் இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டைக் காண்பது அரிது.

இம்முறை எவ்வளவு தூரம் பலிக்கிறது? நெதர்லாந்து மருத்துவர் 2011-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று உண்டு. 19 நோயாளிகளுக்கு 23 தடவை இம்முறையைக் கையாண்டனர். 21 தடவை இரண்டு குழல்களும் ஒரே அமர்வில் வெளிவந்தன. எஞ்சிய இருவருக்கு மறுபடியும் அதே முறையைச் செய்ய நேர்ந்தது. ஒரு தடவை இரத்தப்போக்கு கடுமையாக இருந்தது. அதையும் நோக்குக் குழாய் வழியாகவே நிறுத்திவிட்டனர். எண்ணிக்கை சிறிதே, ஆயினும் நம்பிக்கை அளிப்பது.

வேறு வழிகளும் உண்டு. ஆர்கான் வாயுவின் வழியே மின்சாரத்தைச் செலுத்தி, வளர்ந்த சதையை மேலாகப் பொசுக்கி விலக்குவது ஒன்று. குழலின் கீழ்முனையைப் பற்றி மேலே இழுத்து, சட்டைக் கையை உட்புறம் வெளியாக உருவுவதுபோல் புரட்டி எடுப்பது மற்றொன்று. இவை ஒன்றும் பலிக்காவிடில் மார்பைத் திறந்து செய்யும் அறுவைச் சிகிச்சை. அது அரிதாகவே வேண்டியிருக்கும். எம்முறையாயினும், மயக்க மருத்துவரும், அறுவை மருத்துவரும், எக்ஸ்-ரே வசதியும் அருகே இருக்கும் பெரிய மருத்துவமனையிலே செய்துகொள்வதே தக்கது.

குழல் வெளியே வந்தவுடன் எல்லாம் முடிந்துவிட்டதென்று எண்ணலாகாது. கிழிசல் இல்லை என்பதைக் காண, எக்ஸ்-ரேயில் தெரியும் மருந்தைக் குடிக்கச் செய்து படம் எடுப்பதுண்டு. அன்றும் அடுத்த சில நாட்களிலும் மார்பு வலி, காய்ச்சல், கழுத்தில் வீக்கம், இரத்த வாந்தி, கறுத்த மலம் இவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குத் திரும்பவேண்டும். தழும்பு மீண்டும் சுருங்கும் இயல்புடையது. ஆகையால் மறுபடியும் விரிவாக்கும் சிகிச்சை சிலருக்கு வேண்டியிருக்கும். மேலே சொன்ன நெதர்லாந்து நோயாளிகளிலும் ஆறு பேருக்கே மேற்சிகிச்சை வேண்டாதிருந்தது. இதனை முன்னரே அறிந்திருந்தால் மனம் தளராது.

இனி, சொந்த ஊரை விட்டுப் பிற மாநிலங்களில் வாழும் நம்மவர்க்குச் சிறப்பாகச் சொல்லவேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. வலைக்குழல் புதைவதற்கு உடலின் இயல்பு ஒரு காரணம். எடுக்கவேண்டிய நாள் தவறிப்போவது மற்றொரு காரணம். மும்பையிலே குழல் வைத்துக்கொண்டவர் வேலை மாற்றலாகி ராஞ்சிக்குப் போகிறார். தில்லியிலே வைத்துக்கொண்ட முதியவர், உடல் தேறியதும் பேரப்பிள்ளைகளைக் காணத் திருநெல்வேலிக்குச் சென்று அங்கேயே தங்கிவிடுகிறார். உணவு நன்றாக இறங்குகிறது. ஆகவே நாளும் மறந்துபோகிறது. ஆறு மாதங்கழித்து அடைப்பு ஏற்பட்டு வேறொரு மருத்துவரிடம் போகும்போது, உள்ளே இருப்பது எவ்வகைக் குழல், என்று வைத்தது, எதற்காக வைத்தது என்னும் மூன்று கேள்விகளுக்கும் விடை இருப்பதில்லை. புது மருத்துவர் இருட்டிலே துழாவ வேண்டியதாகிறது.

ஆகவே மருத்துவமனையை விட்டுப் புறப்படுமுன், குழலின் பெயர், நீளம், அகலம், படலம் போர்த்தியதா அன்றா, வைத்த நாள், எடுக்கவேண்டிய நாள் ஆகியவற்றை எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். குழலின் பெட்டியில் உள்ள ஒட்டுச்சீட்டையும் கேட்டுப் பெறலாம். அவ்வூர் மொழி நமக்குச் சரளமாக வராவிடில், நாணாமல், மொழியறிந்த நண்பர் ஒருவரை உடனழைத்துச் செல்ல வேண்டும். எடுக்கவேண்டிய நாளை வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் குறித்துவைப்பதோடு, குடும்பத்தில் மற்றொருவருக்கும் சொல்லிவைக்க வேண்டும். ஊர் மாறும்போது அந்தத் தாளே முதலில் பெட்டிக்குள் போகவேண்டிய பொருள். பிற்காலத்தில் எம்.ஆர்.ஐ. படம் எடுக்க நேர்ந்தாலும், உள்ளே உலோக வலை இருப்பதை முன்னதாகவே சொல்லியாக வேண்டும்.

குழல் உள்ளே இருக்கும் நாட்களில் உணவைப் பற்றியும் சில வார்த்தைகள். உட்கார்ந்தே உண்ணவேண்டும், சிறு கவளமாக எடுத்து, நன்றாக மெல்லவேண்டும். குழைந்த சோறு, இட்லி, பருப்புக் கஞ்சி, கூழ் இவை நலம் பயக்கும். நார் மிகுந்த இறைச்சியும், முருங்கைக்காய்ச் சக்கையும், காய்ந்த ரொட்டியும் வலையில் சிக்கிக்கொள்ளும். இடையிடையே வெந்நீர் பருகுவது குழலைக் கழுவிவிடும். குழல் இரைப்பையின் வாயிலைக் கடந்து நின்றால் புளிப்பு நீர் மேலே ஏறும். அத்தகையோர் உண்டவுடன் படுக்காமல், தலைப்பக்கத்தை உயர்த்தி உறங்கவேண்டும். விழுங்கும்போதெல்லாம் இருமல் வருமானால் அது மூச்சுக்குழலுக்கு வழி ஏற்பட்டதன் அறிகுறியாக இருக்கலாம். ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

உணவு இறங்குவது என்பது உயிர் தங்குவது. அதற்கு வழி திறந்து தரும் இச்சிறு வலை பெரும் நன்மை செய்வதே. ஆனால் அது விருந்தாளியாக வந்தது; குறித்த நாளில் வழியனுப்ப வேண்டியது. அந்த நாளை நினைவில் வைத்திருப்பது மருத்துவரின் கடமை மட்டும் அன்று. நோயாளிக்கும் அவரைச் சேர்ந்தவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. இந்தப் பேச்சைப் படித்த ஒருவரேனும் தம் வீட்டிலோ அண்டை வீட்டிலோ மறந்துகிடக்கும் மருத்துவச் சீட்டை எடுத்து நாளைப் பார்ப்பாராயின், நாம் சொன்னது பயனுற்றதாகும்.